தொட்டேன்னுதான் சொன்னேன்

உக்காருங்க அண்ணாச்சி. ஜன்னல் பக்கம் வேணும்னா நீங்க போய்க்கோங்க, எனக்கு எங்கிட்டு இருந்தாலும் ஒண்ணுதான். மிக்சியைக் கீழ வைக்காதீங்க, இந்த டிரைவர் போடுற பிரேக்குக்கு உருண்டு முன்னால போயிரும். மடியிலயே வச்சுக்கோங்க. ரிப்பேருக்கா? இதுக்குத் திருநெல்வேலி வரைக்குமா போறீங்க? சாத்தான்குளத்துல பாக்க ஆளே இல்லையா? சரி, விடுங்க.

பாக்கணும்னா நல்லாவே பாருங்க. தப்பா நினைக்க மாட்டேன். எல்லாரும் முதல்ல மொகத்தப் பாப்பாக, அப்புறம் சட்டைக் கையப் பாப்பாக, அப்புறம் வெளிய என்னமோ மயில் நிக்கிற மாதிரி திரும்பிக்கிடுவாக. வலது கை. மணிக்கட்டு வரைக்கும்தான் இருக்கு. சிவகாசியில பேப்பர் வெட்டுற மிஷின்ல போச்சு. அப்ப பதினெட்டு வயசு, இப்ப முப்பத்தி நாலு. அந்தக் கதை வேண்டாம். அதச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு.

பையில இந்தியான்னு போட்டிருக்கேன்னு பாக்குறீங்களா? கடையில வாங்கினது இல்ல, குடுத்தது. நான் ஓட்டக்காரன் அண்ணாச்சி. கை கால் இல்லாதவகளுக்கு வெளிநாட்டுல பெரிய போட்டி நடக்கும்ல, அதுல ஓடுறவன். பேரு பேச்சிமுத்து, சாத்தூரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஒருத்தரும் கேள்விப்பட மாட்டாக. நானூறு மீட்டர்ல ஒரு வெங்கலம் வாங்கினேன், அதுக்கு விருதுநகர்ல கவர்மென்ட் ஆபீஸ்ல கிளார்க் வேலை போட்டுக் குடுத்தாக. இடது கையாலயே எழுதுவேன். என் எழுத்தப் பாத்தா நம்ப மாட்டீங்க, அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

இன்னைக்கு ஞானதுரை வீட்டுக்குப் போயிட்டு வாரேன். யாரு ஞானதுரைன்னா, எங்க தொடர் ஓட்டத்துல நாலாவது ஆளு. நான் மூணாவது. முதல்ல ஒரு ஹரியானாக்காரன், ரெண்டாவது ஒரு ஒடிசாக்காரன், அப்புறம் நாங்க ரெண்டு தமிழாளு. ஞானதுரைக்கு இடது கால் முட்டிக்குக் கீழ கிடையாது. பைக்குல போனவன லாரி தட்டிருச்சு. பிளேடுன்னு ஒண்ணு மாட்டிக்கிட்டு ஓடுவான், வில்லு கணக்கா வளைஞ்சிருக்கும். கெளம்புறது மெதுவாத்தான் கெளம்புவான். கெளம்பிட்டான்னா பிடிக்க ஆள் கிடையாது. அதான் அவனக் கடைசிக்கு வச்சது.

டிவியில பாத்திருப்பீங்க, கட்டையைக் கைக்குக் கை குடுத்து ஓடுவாக. எங்களுக்குக் கட்டை கிடையாது. கை இல்லாதவன் எதுல பிடிப்பான்? தொட்டாப் போதும். ஓடி வாரவன் முன்னால நிக்கிறவன் உடம்புல எங்கனயாவது தொடணும். ஆனா முப்பது மீட்டருக்குக் கோடு போட்டிருக்கும், அதுக்குள்ள தொட்டுறணும். தொடாமலே அவன் கோட்டத் தாண்டிட்டான்னா சோலி முடிஞ்சுச்சு, நாலு பேரு ஓடினதும் தண்டம். சின்னப் புள்ளைக ஓடிப்பிடிச்சு விளையாடுறதுதான், வேற ஒண்ணும் இல்ல. இதுக்குக் கோட்டு போட்ட ஆளு வேற பக்கத்துல நின்னு கண்ணச் சிமிட்டாமப் பாத்துக்கிட்டு இருப்பாரு.

பெங்களூருல கேம்ப். எங்க கோச் சதானந்தன் சார். நல்ல மனுசன், ஆனா சொன்னதையே ஆயிரம் தடவை சொல்லுவாரு. ஞானதுரை பாதையில இடதுபக்கமா நிக்கணும். நான் வலதுபக்கமா வரணும். என் இடது கை அவன் வலது தோள்ல படணும். பட்டதும் ‘போ’ன்னு கத்தணும். அவ்வளவுதான். “இடது கை பேச்சி, இடது கை, இடது கை”ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான் சார், வேற எதால தொடப் போறேன்னு நானே ஒரு நாளு எரிஞ்சு விழுந்தேன். ஞானதுரைகிட்ட, “நீ அவன் சத்தத்த நம்பிக் கெளம்பாத, தோள்ல பட்டா மட்டும் கெளம்பு”ம்பாரு. அதுக்கு அவன், “எனக்கு இவன் சத்தம் போதும் சார்”னு சிரிப்பான். எதுக்கெடுத்தாலும் சிரிப்பான் அந்தக் கிறுக்கன்.

மூணு வருஷம் ஒரே ரூம்ல கெடந்தோம். ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. மத்தியானம் ப்ராக்டீஸ் முடிச்சுப் படுத்திருக்கும்போது அவனுக்கு இல்லாத கால்ல கட்டைவிரல் நமைக்கும். நெசமாவே நமைக்கும். எனக்கு உள்ளங்கை. எனக்கு அஞ்சு விரலும் இப்பவும் தெரியும் அண்ணாச்சி, மடக்கலாம், நீட்டலாம். டாக்டர்ட்ட கேட்டதுக்கு, கை போன விவரம் மூளைக்கு இன்னும் போய்ச் சேரலன்னாரு. அவன், “ஏல பேச்சி, அந்த விரலக் கொஞ்சம் சொறிஞ்சு விடுல”ன்னு வெறும் மெத்தையக் காட்டுவான். நானும் எந்திரிச்சுப் போயி, இந்தா, இந்த வலது கையாலயே சொறிஞ்சு விடுவேன். “ஆங், அங்கனதாம்ல”ம்பான். ஒரு தடவை சதானந்தன் சார் வாசல்ல நின்னு பாத்துட்டு, தலையில அடிச்சுக்கிட்டுப் போனாரு.

அந்தப் போட்டி போன வருஷம். ஐரோப்பாவுல ஒரு ஊரு, பேரு வாயில நுழையாது. ஞானதுரைக்கு அதுல மெடல் வந்தே ஆகணும். எனக்கு வேலை இருக்கு. அவனுக்கு என்ன இருக்கு? ஊருல பெட்ரோல் பங்க்ல நின்னுக்கிட்டு இருந்தான். பன்னெண்டு மணி நேரம் கட்டைக் கால்ல நின்னா என்ன ஆகும்? கால் முனை புண்ணாயி, துணிய எடுத்தா ஒட்டிக்கிட்டு வரும். மெடல் வந்தா எனக்குக் குடுத்த மாதிரி அவனுக்கும் ஒரு ஆபீஸ்ல நாற்காலி குடுப்பாக. உக்காந்து பாக்குற வேலை. “ஒரு நாற்காலி கெடச்சாப் போதும்ல, அதுக்கு அப்புறம் எந்திரிக்கவே மாட்டேன்”பான்.

ஓட்டத்துல ஹரியானாக்காரன் நல்லா ஓடினான். ஒடிசாக்காரனும் கொறை சொல்ல முடியாது. அவன் என்னை வந்து தொடும்போது நாங்க நாலாவது. எனக்கு வளைவு. அந்த வளைவுல நான் ஓடின மாதிரி என் ஆயுசுல ஓடினது இல்ல. நான் சொல்லல, சதானந்தன் சாரே சொன்னாரு. ஒருத்தனத் தாண்டிட்டேன். மூணாவது வந்துட்டேன். முன்னால ஞானதுரை ஓட ஆரம்பிச்சிட்டான், முதுகு தெரியுது, சட்டையில நம்ம நாட்டுப் பேரு தெரியுது. கிட்ட வந்துட்டேன். கைய நீட்டினேன், தொட்டேன், ‘போ’ன்னேன். போயிட்டான். 

தொட்டேன். சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு அடியில தோள் எலும்பு. ரெண்டு விரலு நல்லாப் பட்டுச்சு, மூணாவது விரல் லேசா உரசுச்சு. இத எங்க வேணாலும் சொல்லுவேன்.

எந்தக் கையா? வலது கை.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? வளைவுல உள்பக்கமா வந்துட்டேன், அவன் எனக்கு வலதுபக்கமா இருந்தான். அப்ப வலது கைதானே போகும்? உங்களுக்கு முன்னால ஒரு ஆளு விழுறாருன்னு வைங்க, எந்தக் கையால பிடிக்கணும்னு ரோசிச்சா பிடிப்பீங்க? சரி, நீங்க ஒண்ணும் சொல்லல. ஆனா மொகம் சொல்லுதுல்ல.

ஞானதுரை மூணாவது வந்து எல்லையத் தாண்டினான். வெங்கலம். கொடியப் போத்திக்கிட்டுக் கீழ விழுந்து எந்திரிச்சு, விழுந்து எந்திரிச்சு, பைத்தியம் மாதிரி சிரிச்சான். “நாற்காலி, ஏல, நாற்காலி”ன்னு என் கழுத்தக் கட்டிக்கிட்டான். ஹரியானாக்காரனுக்கு என்ன நாற்காலின்னு வெளங்கல, அவனும் சேந்து “நாற்காலி நாற்காலி”ன்னு கத்துறான். அஞ்சு நிமிஷம் இருக்கும். பெரிய ஸ்கிரீன்ல பேரு எல்லாம் வந்துச்சு. எங்க பேரு கீழ போயிருச்சு. பக்கத்துல நம்பருக்குப் பதிலா எழுத்து. கோட்டுக்காரர் மஞ்சக் கொடியத் தூக்கியிருக்காரு, நாங்க யாரும் பாக்கல. தொடலன்னு சொல்லிட்டாக.

எனக்கு அந்த நேரத்துல இருந்து ஒண்ணும் தோணல அண்ணாச்சி. ஒடிசாக்காரன் உக்காந்து அழுதான். ஹரியானாக்காரன் பாட்டிலத் தூக்கி எறிஞ்சான். நான் பாத்துக்கிட்டே நின்னேன், வேற யாரோ தோத்த மாதிரி. ஞானதுரை என்கிட்ட வந்தான். சிரிப்பு இல்ல, கோவமும் இல்ல. “தொட்டியால?”ன்னான். “தொட்டேன்”னேன். “சரி”ன்னான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கல.

அப்பீல் பண்ணினாக. அங்க ஒரு ரூம்ல கூப்பிட்டு அவன்கிட்ட கேக்குறாக, உனக்குப் பட்டது தெரிஞ்சுதான்னு. அவன் என்ன சொல்லணும்? தெரிஞ்சுதுன்னு சொல்லியிருக்கலாம்ல? இல்ல, படலன்னாவது சொல்லியிருக்கலாம். இவன் சொல்றான், “பேச்சி தொட்டேன்னு சொன்னான்னா தொட்டிருப்பான். எனக்குத்தான் தெரியல. அவன் சத்தத்த வச்சுக் கெளம்பிட்டேன்”னு. போச்சு. அப்பீலும் போச்சு.

ஊருக்கு வந்தப்புறம் எங்க விளையாட்டுச் சங்கத்துல விசாரணைன்னு வச்சாக. மூணு பேரு உக்காந்திருக்காக, செவுத்துல வீடியோ ஓடுது. நிறுத்தி நிறுத்திப் போடுறாக. ஒருத்தர் எந்திரிச்சுப் போயி செவுத்துல வெரல வச்சுக் காட்டுறாரு, இந்தா பாருங்க, இவர் கை முடியிற எடம் இது, அவர் முதுகு இது, நடுவுல ஒரு சாண் இருக்குன்னு. ஒரு சாண் இருந்தா என்ன? என் உள்ளங்கையும் விரலும் சேந்தா ஒரு சாண்தான் வரும். அத அவர்ட்ட சொல்ல முடியுமா? நான் சொல்லல. “தொட்டேன்”னு மட்டும் சொன்னேன்.

அப்ப தப்பு யாரு மேலன்னு கேட்டாக. எழுதிக் குடுக்கச் சொன்னாக. எழுதிக் குடுத்தேன். ஞானதுரை நிக்க வேண்டிய பக்கத்துல நிக்கல, அதனாலதான் நான் உள்பக்கமா வர வேண்டியதாச்சுன்னு. எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. வீடியோல அவன் சரியாத்தான் நிக்கிறான்னாக. வீடியோ ஒரு பக்கம் இருந்துதானே எடுக்குறாக? ஓடினவனுக்குத் தெரியாதா?

எனக்கு ஒரே ஒரு கொணம் அண்ணாச்சி, பொய் சொல்ல வராது. ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. அரை நாளு லீவுக்குக்கூட காய்ச்சல்னு எழுத மாட்டேன், சோலி இருக்குன்னுதான் எழுதுவேன். மேனேஜரே சொல்லுவாரு, பேச்சிமுத்து எழுதினா அதுக்கு அப்பீல் கிடையாதுன்னு.

என்னை டீம்ல வச்சுக்கிட்டாக. அவன எடுத்துட்டாக. தொடாமக் கெளம்புனது அவன், நின்ன பக்கம் தப்பு, ரெண்டும் அவன் பேர்ல ஏறிப் போச்சு. கேம்ப்புக்கே வரக் கூடாதுன்னுட்டாக. அவன் பையக் கட்டும்போது நான் ரூம்லதான் இருந்தேன். வாங்குன பிஸ்கட்ட எல்லாம் எனக்கு வச்சுட்டுப் போனான். “வாரேம்ல”ன்னான். ஒரு வருஷமா போன் இல்ல. நான் பண்ணல. அவனாப் பண்ணட்டும்னு இருந்தேன். தப்பு செஞ்சவன் யாரு, நானா?

போன வாரம் அவன் பொண்டாட்டி பியூலா கூப்பிட்டுச்சு. ரெண்டு மாசத்துல அடுத்த போட்டிக்கு ஆள் எடுக்குறாக. இவனுக்கு முப்பத்தஞ்சு வயசு, இத விட்டா அப்புறம் இல்ல. சங்கத்துச் செக்கரட்டரிகிட்ட அந்தப் புள்ள போயி நின்னு கெஞ்சியிருக்கு. அவர் சொல்லிட்டாராம், மூணாவதா ஓடினவரு அன்னைக்கு எழுதிக் குடுத்தத மாத்தி எழுதிக் குடுத்தா இவரக் கூப்பிடுறோம்னு. “அவுகளுக்குத் தெரியாதுண்ணே, தெரிஞ்சா வையுவாக. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணே. கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்கு. மிச்சம் இருக்க முட்டியும் போயிரும்போல இருக்கு”ன்னுச்சு.

மாத்தி எழுதினா எனக்கு என்ன ஆகும்? என்னை டீம்ல இருந்து தூக்குவாக. பொய் எழுதிக் குடுத்தவன்னு ஆபீசுக்குக் கடுதாசி போகும். அது கெடக்கட்டும். நான் அதுக்குப் பயந்தவன் இல்ல. செய்யாத தப்பச் செஞ்சேன்னு எப்படி எழுதுறது? அதச் சொல்லிட்டு வந்துரலாம்னுதான் இன்னைக்கு லீவு போட்டுப் போனேன். நேர்லயே சொல்லிரணும்னு.

காலையில போனேன். அவன் பங்க்குக்குப் போகல, கால் முடியல. காலக் கழட்டி வச்சுட்டுக் கட்டில்ல உக்காந்திருந்தான். என்னப் பாத்ததும் “ஏல, வால, எப்பம்ல வந்த?”ன்னு சிரிச்சான். நேத்துப் பாத்த மாதிரி. எனக்கு அது பிடிக்கல. ரெண்டு வார்த்தை வஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். மீன் வாங்கி ஆக்கியிருந்துச்சு பியூலா. சாப்பிட்டோம். எனக்கு முள்ளு எடுத்துக் குடுத்தான், கேம்ப்ல செஞ்ச மாதிரியே. ஒத்தக் கையால முள்ளு எடுக்க எனக்குப் பொறுமை கிடையாது.

கை கழுவிட்டு உக்காந்ததும் பியூலா ஒரு பேப்பரக் கொண்டாந்து முன்னால வச்சுச்சு. டைப் அடிச்சு வச்சிருக்கு. ‘நான் ஞானதுரையைத் தொடவில்லை. அவர் சரியான இடத்தில்தான் நின்றார். தவறு என்னுடையது.’ மூணே வரி.

“தங்கச்சி, இதுல நான் எப்படிக் கையெழுத்து போட? நான் தொட்டேம்மா”ன்னேன்.

“வீடியோல தெரியுதேண்ணே.”

“வீடியோ கெடக்கு. எனக்குத் தெரியாதா?”

ஞானதுரை பேப்பர எடுத்துப் பாத்தான். மொகம் கறுத்துப் போச்சு. “யாரு ஒன்னைய இத டைப் அடிக்கச் சொன்னா? இதுக்குத்தான் அவன வரச் சொன்னியா?”ன்னு அவளப் பாத்து ஒரு சத்தம் போட்டான். அந்தப் புள்ள விடல. “நான் யாருகிட்டப் போயிச் சொல்ல? தெனம் துணியில ரத்தத்தக் கழுவுதது நானு. இவுக உத்தமரா இருக்கதுக்கு நம்ம கால் போணுமா?”ன்னு அழுதுக்கிட்டே கேக்குது. எனக்குக் கண்ணுல ஒண்ணும் வரல. செவுத்துல பல்லி ஓடுறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அப்புறம் ஞானதுரை காலெடுத்து மாட்டினான். ஓடுற கால் இல்ல, சும்மா நடக்குற கால். மாட்டும்போது பல்லக் கடிக்கிறான். எந்திரிச்சு வெளி முத்தத்துக்குப் போனான். வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. எனக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டு, “ஏல பேச்சி, இங்கன வா”ன்னான்.

போனேன்.

“அன்னைக்கு எப்படித் தொட்டியோ அப்படித் தொடு.”

“இப்ப எதுக்குல அது?”

“தொடுல. மனசுல வச்சுக்கிட்டே இருக்கவா ஒரு வருசமா? தொடு.”

ஓடல நான். ரெண்டு எட்டு எடுத்து வச்சேன். அவன் முதுகு. வீட்டுல போடுற பழைய சட்டை, தோள்ல தையல் விட்டிருக்கு. கைய நீட்டினேன். எந்தக் கைன்னு ரோசிக்கல. தொட்டேன். சட்டை சூடா இருந்துச்சு, வெயில் பட்டு. தையல் விட்ட எடத்துல விரல் உள்ள போச்சு, அவன் தோல் பட்டுச்சு. அவ்வளவும் தெரிஞ்சுச்சு எனக்கு. ‘போ’ மட்டும் சொல்லல. வாய் வரல.

அவன் நிக்கிறான். நான் தொட்டுக்கிட்டே நிக்கிறேன். அவன் நின்னுக்கிட்டே இருக்கான்.

அண்ணாச்சி, அவனப் பத்தி ஒண்ணு தெரியணும் உங்களுக்கு. ஆயிரம் தடவை தொட்டிருக்கேன் அவன் தோள. விரல் பட்டா அவன் உடம்பு அதுவா முன்னால போகும். சாப்பிட வரிசையில நிக்கும்போது விளையாட்டுக்குத் தொட்டாக்கூட ஒரு துள்ளு துள்ளுவான், தட்டு எல்லாம் சிதறும். பழக்கம். அவனால அத நிறுத்த முடியாது.

இன்னைக்கு அவன் அசையவே இல்ல. காத்துக்கிட்டு நிக்கிறான்.

வாசல்ல இருந்து பியூலா சொல்லுச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு, கோவமா இல்ல. “அண்ணே, நீங்க இன்னும் தொடலியே.”

அவன் திரும்பாமலே, “ஏட்டி, நீ உள்ள போ”ன்னான். அப்புறம் என்கிட்ட, “பட்டுச்சுல பேச்சி. நல்லாப் பட்டுச்சு. போதும், வா, வெயிலா இருக்கு”ன்னான்.

பொய் சொல்றான். எனக்காகப் பொய் சொல்றான். பட்டிருந்தா ஒரு அடி எடுத்து வச்சிருப்பான்ல? நான் பாத்துக்கிட்டுதானே நிக்கிறேன், ஒரு இம்மி அசையலயே. ஒரு வருஷத்துக்கு முன்னால அந்த வெளிநாட்டுக்காரன் கேட்டப்ப இந்தப் பொய்யச் சொல்லியிருந்தா இவனுக்கு ஒரு நாற்காலி கெடச்சிருக்கும். அப்பச் சொல்லாம, இப்ப எனக்குன்னு சொல்றான், புண்ணுக் கால ஊனிக்கிட்டு.

உள்ள வந்து பேப்பர எடுத்தேன். “பேனா குடும்மா”ன்னேன். ஞானதுரை கையப் பிடிச்சான். “வேண்டாம்ல. நீ தொட்டிருக்கல. ஒனக்குப் பட்டிருக்குல்ல?”ன்னான். “பட்டுச்சு”ன்னேன். “அப்புறம் என்னத்துக்குப் போடுத?”ன்னான். கைய உருவிக்கிட்டுப் போட்டேன். பேச்சிமுத்துன்னு முழுசா, தேதியோட. என் வாழ்க்கையில முதல் தடவையா பொய்யில கையெழுத்து போட்டிருக்கேன் அண்ணாச்சி. முதல் தடவை.

பியூலா என் கால்ல விழ வந்துச்சு. விடல நான். அவன் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு அழுதான். எப்பவும் சிரிக்கிறவன் அழுதா பாக்க முடியாது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்கே அந்தப் புள்ள பேப்பரச் சங்கத்துல குடுத்துரும். அவனக் கூப்பிடுவாக. என்னை இனிமே கூப்பிட மாட்டாக. அது பரவாயில்ல. எனக்கு வெசனம் அது இல்ல.

பேப்பர அந்தப் புள்ள கையில குடுத்தேன்ல, அப்ப ஆரம்பிச்சது. முதல்ல இந்த வலது கை சுண்டு விரல் தெரியாமப் போச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா. பஸ் ஏறும்போது கட்டை விரல் மட்டும் கொஞ்சம் இருந்துச்சு. இப்ப மடக்கிப் பாக்குறேன், நீட்டிப் பாக்குறேன், ஒண்ணும் இல்ல. பதினாறு வருஷமா இருந்தது அண்ணாச்சி. மிஷின்ல போனப்பகூட எனக்கு இப்படி இல்ல, அப்ப வலியாவது இருந்துச்சு. இது ஒண்ணுமே இல்ல.

கோவிச்சுக்காதீங்க, ஒரே ஒரு தடவை. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. உங்க தோள்ல வைக்கிறேன். அசையாம இருங்க, பஸ்ஸும் நிக்குது, இப்பத் தெரியும்.

பட்டுச்சா?

எனக்கும் படல.